மகனுக்கு டிஸ்லெக்சியா, வீட்டில் சிக்னல் இல்லை

மகனுக்கு வாசிக்கச் சொல்லித்தர ஆன்லைன் வகுப்பு தேடியதில் முதல் மூன்று மாதம் பணமும் போச்சு, பிள்ளையின் நேரமும் போச்சு. ஆற்றாமையில் அதைத்தான் முதலில் எழுதுகிறேன்.

மகன் மூன்றாம் வகுப்பு. எதையும் வாயால் கேட்டால் பிளந்து கட்டுவான். புத்தகத்தைத் திறந்தால் வயிறு வலிக்கும். 'வீட்டில் கவனிப்பதில்லை' என்றார்கள் பள்ளியில். டிஸ்லெக்சியாவாக, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் குறைபாடாக இருக்கலாம், பாருங்கள் என்றது குழந்தை டாக்டர். காரைக்குடிப் பக்கம் எங்கள் பள்ளத்தூரில் இதற்கு ஆளை எங்கே தேட? போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 18,000 ரூபாய் கட்டி ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டேன்.

வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். திரையில் படம், கீழே வாக்கியம், ஆளுக்கு ஒருமுறை வாசிக்க வேண்டும். இவன் முறை எப்போதும் ஐந்தாவதோ ஆறாவதோ. தடங்கலே இல்லாமல் வாசித்தான், நட்சத்திரம் நட்சத்திரமாக வாங்கினான். எனக்கும் பெருமைதான். ஒருநாள் அதே பக்கத்தை அச்செடுத்து, படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டான். முன்னால் நாலு பேர் வாசித்ததைக் கேட்டு ஒப்பித்திருக்கிறான், அவ்வளவுதான். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்று மெயில் வந்தது.

அதனால், தனி வகுப்பா, ஆசிரியர் சிறப்புக் கல்வி படித்தவரா, எந்த எழுத்தில் தொடங்கி எந்த வரிசையில் போவார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மூன்றாவது கேள்விக்கு இழுத்தார்கள் என்றால் போனை வைத்துவிடலாம்.

இப்போது சொல்லித்தரும் மிஸ் சென்னையில் இருக்கிறார். வாரம் மூன்று நாள், நாற்பத்தைந்து நிமிடம், அவரும் இவனும் மட்டும். ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறை. 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் தொடங்கிவைத்தது. எழுத்தைப் பார்க்க வேண்டும், ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கையால் வரைய வேண்டும், மூன்றும் ஒரே நேரத்தில். ஒன்று பதியாமல் அடுத்ததற்குப் போக மாட்டார். ஆங்கிலத்துக்கு வந்த முறையை மிஸ் தமிழுக்கு வளைத்து வைத்திருக்கிறார்.

இதில் எங்களுக்கு எதிரியாக வந்தது எங்கள் வீடுதான். பாட்டன் காலத்துச் சுவர், ரெண்டு முழம் கனம். முகப்பில் இருக்கும் வைஃபை, நடு முற்றமான வளவைத் தாண்டி உள்ளே வராது. சரி, முகப்பிலேயே உட்காரலாம் என்றால் உயரமான கூரை, கீழே ஆத்தங்குடிக் கல், பேச்சு எல்லாம் எதிரொலித்தது. மற்ற டியூஷனுக்கு இது பெரிய விஷயமில்லை. இங்கே 'ல்' சொன்னானா 'ள்' சொன்னானா என்பதுதானே பாடமே! மிஸ் பத்து தடவை "என்ன சொன்னே கண்ணா?" என்று கேட்டால் பிள்ளைக்கு அழுகை வருமா வராதா? கடைசியில் ரெண்டாங்கட்டில் சாமான் போட்டு வைத்திருந்த அறைக்கு வயர் இழுத்து, சுவரில் பழைய ஜமக்காளம் தொங்கவிட்டு, ஒயர் வைத்த ஹெட்செட் வாங்கினோம். ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் என்று ஓர் அமைப்பு உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். அதைப் போடும்வரை, இரைச்சலை அடக்குகிறேன் என்று ஜூம் சொல்லின் கடைசி ஒலியையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு போனை மேலிருந்து கையைக் காட்டுகிறமாதிரி கட்ட வேண்டும். எழுத்தை எங்கே தொடங்குகிறான் என்று மிஸ் பார்க்க வேண்டுமாம். தாம்பாளத்தில் கோலப்பொடியைப் பரப்பி விரலால் எழுதினான். "மணல்ல எழுதித்தானே எங்க அப்பச்சி எல்லாம் படிச்சாக, இதுக்கா காசு கட்டுறீக?" என்று அவனுடைய அப்பத்தா கேட்டார். நியாயமான கேள்விதான்.

இவனுக்கு உண்மையான முட்டுக்கட்டை கொம்பு எழுத்துகள். கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. 'மேகம்' என்பதை 'ஏமகம்' என்று வாசித்தான். சோம்பேறித்தனம் என்று திட்டியிருக்கிறேன். கண்ணில் பட்ட வரிசையில்தானே வாசித்திருக்கிறான், பாவம். மிஸ் கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டச் சொன்னார். மெய் ஒரு நிறம், கொம்பும் காலும் வேறு நிறம். முதலில் 'ம்' என்று சொல்லி 'ம' அட்டையை வைக்க வேண்டும், பிறகு 'ஏ' என்று சொல்லிக்கொண்டே இரட்டைக்கொம்பை அதன் இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். 'கொ' வந்தால் ரெண்டு பக்கமும் காவல். இது ஒன்றுக்கே ஐந்து வாரம் ஆனது.

நடுவில் சான்றிதழ் அலைச்சல். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் உண்டு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்கக் கையில் தாள் வேண்டும். விடியற்காலை பஸ் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால், எட்டு வயது முடியவில்லை, அப்புறம் வாங்க என்று திருப்பிவிட்டார்கள். அவனுக்கு ஏழு வருடம் பத்து மாதம். சான்றிதழுக்கான அரசின் 2018 வழிகாட்டுதலில் அப்படித்தான் இருந்தது, தப்புச் சொல்ல முடியாது. ஆனால் முதல்நாள் போனில் கேட்டபோது "வாங்க"ன்னு சொன்னவர் பிள்ளையின் வயதைக் கேட்டிருக்கலாமே. இரண்டாம் முறை போனால் கண், காது பரிசோதனை அறிக்கை எங்கே என்றார்கள். அதையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் முறை போனபிறகுதான் அறிவுத்திறன் சோதனை, வாசிப்புச் சோதனை. பிள்ளைக்கு எட்டு முடிந்ததும் கண், காது அறிக்கைகளோடு போங்கள், ரெண்டு நடை மிச்சம். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி போக வேண்டும் என்றும் அந்த 2018 வழிகாட்டுதலில் இருந்தது, இப்போது எப்படி என்று கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். இவன் ஒரு பஸ்ஸின் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் காற்றில் கொம்பு போட்டது. "தே... வ... கோ... ட்டை." ஒரே ஊர்ப்பெயரில் மூன்று கொம்பு எழுத்து! நான் மூச்சே விடவில்லை. பக்கத்தில் இன்னொரு சொல் இருந்தது. 'ர' என்று தொடங்கி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"ரஸ்தா" என்றேன்.

"ஸ் இன்னும் மிஸ் எடுக்கல ஆத்தா" என்றான், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.