தனியறையிலிருந்து வெளியே வந்தவர்

பையில் என்ன இருந்தது என்பதைப் பைக்குச் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரிடமும் பேசக்கூடாது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வேலையில் சேர்ந்த புதிதிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இது. நல்ல விதி. அன்றும் நான் அதன்படிதான் நடந்துகொண்டேன். ஆனாலும் திருச்சிக்குப் போன அந்தப் பெரியவர் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அவருடைய பையை நிறுத்தியதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. எக்ஸ்ரே திரையில் துணி, சாப்பாடு, காகிதம் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். உலோகம் நீலம். கதிர் ஊடுருவ முடியாத அளவுக்கு உலோகம் தடித்திருந்தால் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் என்ன இருக்கிறது, அதற்கு அடியில் என்ன மறைந்திருக்கிறது என்று படம் பார்ப்பவரால் சொல்லவே முடியாது. பழைய காசு சேர்ப்பவர்கள் பலர் அவற்றைப் பிளாஸ்டிக் குழாய்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வருவார்கள். கீறல் படாது, இடமும் மிச்சம். ஆனால் திரையில் அது கறுத்த உருளையாக விழும். இவர் பையில் அப்படிப் பல உருளைகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. திறந்து பார்க்காமல் அனுப்பினால் நான் அங்கே நிற்பதற்கே அர்த்தமில்லை.

"ஐயா, பையைத் திறக்கணும்" என்றேன்.

அவர் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "இங்க வேணாம் தம்பி. எல்லாம் ஊர்க்காரங்க."

இதன் பாரம் சாங்கியில் பயணம் செய்தவர்களுக்கு உடனே புரியும். 2017இல் திறந்த நான்காம் முனையத்தில் எல்லா விமானப் பயணிகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் சோதனை. மற்ற முனையங்களில் அப்படியில்லை, கேட்டுக்குக் கேட் நடக்கும். அதாவது, உங்கள் பையைத் திறக்கும்போது சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் உங்களோடு அதே விமானத்தில் ஏறப்போகிறவர்கள். லண்டன் விமானம் என்றால் பரவாயில்லை, இறங்கியதும் ஆளுக்கொரு திசை. திருச்சி விமானத்தில் வருபவர்கள் அதே வாசலில் கார் பிடித்து, புதுக்கோட்டை, அறந்தாங்கி, மன்னார்குடி என்று அதே சாலைகளில் போவார்கள். மேசையில் வெள்ளிக்காசுகளைப் பரப்பினால், அவர் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்திருக்கும். அவர் எங்களைப் பார்த்துப் பயப்படவில்லை. திருடனுக்குக்கூடப் பயப்பட்டதாகத் தெரியவில்லை. நாலு பேர் வாயில் அந்தப் பை விழக்கூடாது என்று நினைத்தார்.

தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேட்க எந்தப் பயணிக்கும் உரிமை உண்டு. சூப்பர்வைசரிடம் சொன்னேன், சரி என்றார். நானும் இன்னொரு சகஊழியரும் அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனோம்.

அந்த அறையில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கதவு மூடியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். குழாய்களைத் திறந்து தானே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கையுறை போட்டிருந்த என்னிடம், "முகத்துல கை படக்கூடாது தம்பி, விளிம்பைப் பிடிங்க" என்றார். முழுக்க முழுக்க பிரிட்டிஷ் இந்திய ரூபாய்கள். விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ். ஒவ்வொன்றும் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. ரூபாய் எடை என்று நாட்டு மருந்துக் குறிப்புகளில் வருகிறதே, அது இதுதான் என்றார். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1940இல், அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அவருடைய அப்பா அதற்குப் பிறகு வந்த ரூபாயைச் சேர்த்து வைக்கவே இல்லையாம்.

ஒரு ரூபாயைத் தனியாக எடுத்து என் பக்கம் திருப்பினார். 1911. மன்னரின் அங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு சின்ன யானை இருக்கிறது. துதிக்கை குட்டையாகப் போனதால் பார்ப்பவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்து, பெரிய கூச்சலாகி, அடுத்த வருடமே அச்சைத் திருத்திவிட்டார்கள். பன்றி ரூபாய் என்றே அதற்குப் பெயர். "நல்லாப் பாருங்க, பன்றியா யானையா?" என்று கேட்டார். நான் குனிந்து பார்த்தேன். பன்றிதான் என்று எனக்குப் பட்டது. அவர் சிரித்தார்.

அந்த அப்பா சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலில் மூட்டை இறக்கியவர். விட்டுப்போனதை அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிரித்துக்கொண்டார்கள். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றத்துக்காக 1903இல் அச்சடிக்க ஆரம்பித்த வெள்ளி டாலர்கள், ஆங்கிலமும் சீனமும் ஜாவியும் பொறித்தவை, இவரிடம் சிங்கப்பூரில் இருக்கும். ரூபாய் எல்லாம் ஊரில் இருக்கும் தம்பிக்கு. "இது போனா திரும்பி வராது. தெரிஞ்சுதான் கொண்டுபோறேன்" என்றார். நூறு வயதைத் தாண்டிய நாணயம் இந்தியச் சட்டப்படி தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அன்று அவர் கொண்டுபோனது ஒருவழிப் பயணத்துக்கு. அதனால்தானோ என்னவோ, ஒவ்வொரு காசையும் குழாயில் திரும்ப வைக்கும்போது ஒரு கணம் கையில் வைத்திருந்தார்.

துணிப்பட்டையால் பையைத் துடைத்து, வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று பார்க்கும் மெஷினில் வைத்தோம். ஒன்றுமில்லை. எண்ணிப் பார்த்து அவரே மூடினார். வெளியே வந்தோம்.

அதற்குள் கேட்டில் இருந்த எல்லாரும் இருக்கையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருச்சி விமானத்துக்குக் காத்திருந்த ஒரு வயதானவரை இரண்டு சீருடைக்காரர்கள் தனியறைக்கு அழைத்துப் போனால் என்ன அர்த்தம் என்று அந்தக் கூட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குருவி, அதாவது கூலிக்குக் கடத்துபவர். தங்கம். பத்திரிகையில் அடிக்கடி வருகிற செய்தி. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா சத்தமாகவே கேட்டார், "என்னங்கய்யா, தனியா கூட்டிட்டுப் போயிட்டாங்க? தங்கமா?" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அவர் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒண்ணுமில்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"யூ கேன் கோ, சார். ஹேவ் எ சேஃப் ஃப்ளைட்."

நான் சொன்னது அவ்வளவுதான். அவர் தலையாட்டிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய் மடியில் பையோடு உட்கார்ந்தார்.

என் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறேன். அந்த அம்மாவிடம் "பழைய காசுதான்" என்று சொல்லியிருந்தால், அவர் மறைக்கக் கேட்டதை நானே உடைத்திருப்பேன். "ஒண்ணுமில்லை" என்று சொன்னால் அது பொய். ஏதோ இருந்ததால்தானே உள்ளே போனோம். அதுமட்டுமில்லை, ஒரு பயணி சுத்தமானவர் என்று மற்றவர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பது எங்கள் வேலையே கிடையாது. இன்று இவருக்குக் கொடுத்தால், நாளைக்கு யாருக்குக் கொடுக்கவில்லையோ அவர் பாடு என்ன? இந்த வாதத்தில் எனக்கு இன்றும் ஓட்டை தெரியவில்லை.

ஆனால் ஏன் ஆங்கிலத்துக்குத் தாவினேன்? உள்ளே பன்றியா யானையா என்று தமிழில் பேசிக்கொண்டிருந்தவன்தானே. சூப்பர்வைசர் அருகில் நின்றார், தமிழ்ப் பயணிக்குத் தமிழ் அதிகாரி சலுகை காட்டுகிறார் என்ற பேச்சு வரக்கூடாது. காரணம் உண்மைதான். எங்கள் வரிசையில் நிற்பவர்கள் பல இனத்தவர்கள். சொந்த மொழியில் குசுகுசுவென்று பேசினால் அடுத்து நிற்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கேட்டில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். அவர்கள் காதுக்கு என் ஆங்கிலம் எப்படி விழுந்திருக்கும்? அதிகாரி முறைப்பாகப் பேசி அனுப்புகிறார், அப்படியானால் ஏதோ விஷயம் இருக்கிறது என்றுதானே?

அன்று ஷிஃப்ட் முடிந்து ரயிலில் போகும்போதுதான் அந்த வாக்கியம் தோன்றியது. "எல்லாம் சரியா இருக்கு ஐயா, போய்ட்டு வாங்க." தமிழில், கொஞ்சம் சத்தமாக, அவரைப் பார்த்து. பைக்குள் இருந்ததைச் சொல்லவில்லை, யாருக்கும் சான்றிதழ் தரவில்லை, பைக்குச் சொந்தக்காரரிடம் சோதனையின் முடிவை மட்டும் சொல்லியிருப்பேன். அந்த அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

செக்-இன் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று வீட்டில் சொன்னார்கள். அது சரியல்ல. விலைமதிப்புள்ளதைப் பெட்டியில் போடாதீர்கள் என்று விமான நிறுவனங்களே சொல்கின்றன. பெட்டி தொலைந்தால் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி பயணி ஒருவருக்குக் கிடைக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் கடைசியிலிருந்து அது 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), சிங்கப்பூர் டாலரில் சில ஆயிரம்தான். அப்பா விட்டுப்போன காசுக்கு அந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. கைப்பையில் கொண்டுவந்தது முற்றிலும் சரி.

இப்போது காசு சேர்க்கும் நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான். குழாயில் அடுக்காதீர்கள், ஆல்பத் தாளில் பரப்பி வையுங்கள். ஒவ்வொரு காசும் தனித்தனி வட்டமாகத் திரையில் தெரியும், பல சமயம் திறக்கவே தேவையிருக்காது. கேட் திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுங்கள், பார்க்க ஆள் இருக்காது. பை பெல்ட்டில் ஏறுவதற்கு முன்பே அதிகாரியிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள். தனியறை கேளுங்கள் என்றும் முன்பெல்லாம் சேர்த்துச் சொல்வேன். இப்போது அதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. மேசையிலேயே திறந்திருந்தால் ஊருக்கு அவரிடம் காசு இருப்பது தெரிந்திருக்கும். அறைக்குப் போனதால் அவரைப் பற்றி வேறு ஒன்று தெரிந்ததாக ஊர் நினைத்துக்கொண்டது. இரண்டில் எதைத் தாங்குவது சுலபம் என்று நான் எப்படி முடிவுசெய்வது? எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர்தான் தேர்ந்தெடுத்தார். ஆனால் அதற்கு என்ன விலை என்று கேட்கும் நேரத்தில் அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? திருச்சி கேட்டில் நின்றவன் நான், கூட்டம் எப்படிப் பார்க்கும் என்று ஊகிக்க முடியாதவன் அல்ல. ஆனால் "அறைக்குப் போனால் உங்களைத் தப்பாகப் பேசுவார்கள்" என்று ஒரு பயணியிடம் நான் சொன்னால், உரிமையைக் கேட்க விடாமல் பயமுறுத்தினேன் என்றாகும்.

அதற்குப் பிறகு தனியறையிலிருந்து வெளியே வரும் எல்லாரிடமும் "எல்லாம் சரியா இருக்கு, நன்றி" என்று அவரவர் மொழியில், தெரிந்தவரை, வாசலில் நின்று சொல்ல ஆரம்பித்தேன். அன்று அறையில் என்னோடு இருந்த மலாய் நண்பர் சில நாள் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "சரி, எல்லாருக்கும் சொல்றே. ஒரு நாள் உள்ளே ஏதோ கிடைச்சு, ஒருத்தருக்கு மட்டும் நீ சொல்லாம விட்டா, அதுவே கேட் முழுக்க அறிவிப்பு கொடுத்த மாதிரி ஆகாதா? பையில என்ன இருந்ததுன்னு யார்கிட்டயும் பேசக்கூடாதுங்கிற விதியை அப்போ நீதானே மீறுறே?"

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அப்படி ஒரு நாள் இன்னும் வரவில்லை. வந்தால் என்ன செய்வேன் என்று நாங்கள் இருவரும் இடைவேளையில் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். அதுவரை சொல்வதை நான் நிறுத்தப்போவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.