அது வேறு பட்ஜெட்

"மேடம், இவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டினால், அது யார் கொடுத்த நன்கொடை?"

கணக்குப் பிரிவில் இருப்பவர் ஒரு சப்ளையரின் பில்லை என் மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டது இது. பில் வந்து சேர்ந்த தேதி முத்திரையில் தெளிவாக இருந்தது, கெடு எப்போதோ தாண்டிவிட்டது. "அது வேறு பட்ஜெட் சார்" என்றேன். அவர் பில்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. சமூகப் பொறுப்புக்கு நிதி தனியாகத்தான் ஒதுக்குகிறார்கள். தொட்டி கட்டாமல் விட்டிருந்தாலும் அந்த சப்ளையருக்கு ஒரு நாள் முன்னதாகப் பணம் போயிருக்காது. பிள்ளைகள் அதில் இன்றும் தண்ணீர் பிடிக்கிறார்கள். அப்புறம் ஏன் அந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது?

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு வேலையில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு எதிராளி என்றால் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன்தான். மேலாளர் சமூகத்துக்கென்று செலவழிப்பது அடுத்தவர் பணம், பங்குதாரர் அல்லது வாடிக்கையாளர் அல்லது ஊழியருடைய பணம் என்று 1970-ல் எழுதியவர். அன்று இரவு அதை மறுபடி படித்தேன். லாபம் தேடு என்கிற அதே கட்டுரையில், சட்டத்துக்கும் நெறி சார்ந்த வழக்கத்துக்கும் உட்பட்டு என்றும் சொல்லியிருக்கிறார். மறுபக்கம், நிறுவனம் பங்குதாரர்களுக்காக மட்டும் இல்லை என்று 2019-ல் அமெரிக்கப் பெருநிறுவனத் தலைவர்களின் அமைப்பான பிசினஸ் ரவுண்ட்டேபிளில் 181 தலைமை நிர்வாகிகள் கையெழுத்திட்ட அறிக்கை, அதிலும் சப்ளையர்களிடம் நியாயமாக நடப்போம் என்ற உறுதி இருக்கிறது. எந்தப் பக்கம் போய் நின்றாலும் எங்கள் தாமதத்துக்கு ஒரு சாக்கு கிடைக்கவில்லை.

பணம் தாமதமானால் அந்த சப்ளையர் தன் ஆட்களுக்குச் சம்பளம் போட வெளியே வட்டிக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும். அந்த வட்டி எங்கள் ஆண்டறிக்கையில் எந்தப் பக்கத்திலும் வராது, தொட்டியின் படம் மட்டும் முழுப்பக்கத்துக்கு வரும்.

ஆனால் பாக்கி முழுவதையும் அடைத்த பிறகுதான் நல்லது செய்யலாம் என்று வைத்தால் எந்த நிறுவனமும் எதையும் தொடங்காது, அதையும் நான் நம்புகிறேன். சரி, அப்படியென்றால் கணக்குப் பிரிவுக்காரருக்கு என்ன பதில் சொல்வது? தெரியவில்லை. இந்த ஆண்டு அறிக்கையில் சப்ளையர்களுக்குச் சராசரியாக எத்தனை நாளில் பணம் தருகிறோம் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.