அல்பாக்கா: சினை முதல் ரோமத் தரம் வரை

பெருவின் ஆண்டிஸ் மலை மேடுகளில் ரோமத்துக்காக வளர்க்கும், ஒட்டகக் குடும்பத்து விலங்கு அல்பாக்கா. அதில் இரண்டு வகை. ஹுவாகாயாவின் ரோமம் நெளிநெளியாக, புசுபுசுவென்று நிற்கும். சூரிக்கு முறுக்கிய சரங்களாகத் தொங்கும். குட்டிக்குப் பெயர் கிரியா.

பெட்டைக்கு இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளியாகும். இரண்டு வாரம் கழித்துக் கிடாவை மறுபடி அருகே விடுங்கள். பெட்டை துப்பி விரட்டினால் சினை பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். படுத்துக் கொடுத்தால் பிடிக்கவில்லை. உறுதி செய்ய ஸ்கேன் எடுங்கள். சினைக்காலம் சுமார் பதினொன்றரை மாதம்.

ரோமம் கத்தரிப்பது வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை. முதுகும் விலாவும் சேர்ந்த பிளாங்கெட் பகுதிதான் நல்ல விலை போகும். கழுத்து, கால், வயிற்று ரோமத்தைத் தனிப் பையில் போடுங்கள். கலந்துவிட்டால் மொத்தமும் தரம் இறங்கும். ஒரே இடத்தில் கத்தரியை இரண்டு முறை ஓட்டினால் குட்டைத் துணுக்குகள் விழும், நூலில் முண்டுமுண்டாகத் தெரியும். ஈரத்தோடு மூட்டை கட்டவே கூடாது, பூஞ்சை பிடித்துவிடும்.

கடையில் 'பேபி அல்பாக்கா' என்று விற்பது குட்டியின் ரோமம்தான் என்றில்லை. இழையின் தடிமன் ஏறக்குறைய 22-23 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும் மென்மையான தரம் அது. வளர்ந்த விலங்கிலும் கிடைக்கும்.

ரோமம் வாங்கும்முன் ஒரு சோதனை கட்டாயம். பென்சில் கனத்துக்கு ஒரு கொத்தெடுத்து, காதருகே இரு முனையும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். 'டங்' என்று ஒலித்தால் வலு உண்டு. சடசடத்தால், அந்த ஆண்டில் நோயோ தீனிக் குறைவோ பாலூட்டும் களைப்போ இருந்திருக்கும். அத்தகைய ரோமம் சிக்கெடுக்கும்போதே அறுந்துபோகும்.