மூன்றடுக்கு ஒட்டுப்பலகையில் ஒரு ஜாஸ் செட்

களியக்காவிளைச் சோதனைச்சாவடியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் மாடியறையில் இப்போது நாலரை டிரம் செட்டுகள் இருக்கின்றன. அரை என்று நான் கணக்கு வைப்பது, ஒரு பேஸ் டிரம்மும் ஒரு ஸ்டாண்டும் மட்டுமாக வந்து சேர்ந்த ஒன்றை. மற்ற உருப்படிகள் எங்கே போயின என்பது விற்றவருக்கே தெரியவில்லை. இவற்றில் எதுவும் தன் காலத்தில் பெரிய விலைக்கு விற்றதல்ல. மேடையில் சினிமாப் பாட்டு பாடும் கானமேளாக் குழுக்களும் சபைப் பாடகர் குழுக்களும் கையில் இருந்த பணத்துக்கு வாங்கி, பத்திருபது ஆண்டுகள் அடித்து ஓய்ந்து, கீபோர்டும் ரிதம் பேடும் வந்ததும் பரணில் ஏற்றிவிட்ட சாமான்கள் இவை. எங்கள் பக்கத்து மூத்தவர்கள் இவற்றை டிரம்ஸ் என்று சொல்வதில்லை. ‘ஜாஸ் செட்’ என்பார்கள், அதை வாசிப்பவர் ‘ஜாஸ்காரர்’.

முதல் செட்டைப் பாறசாலையில் ஒரு பழைய ஜாஸ்காரரின் வீட்டுத் தொழுவத்திலிருந்து 3,500 ரூபாய்க்கு எடுத்தேன். கொச்சியில் ஒரு கப்பல் தொழிலாளியிடமிருந்து வாங்கியது என்று அவர் சொன்னார். ரப்பர் ஷீட் உலர்த்தும் கம்பிக்குக் கீழே, சாக்குப் போட்டு மூடியிருந்தது. சிவப்பு மினுமினுப்பு உறை ஒட்டிய நான்கு டிரம்கள். பேஸ் 20 அங்குலம், டாம் 12, ஃப்ளோர் டாம் 14, ஸ்நேர் 14. பித்தளைப் பெயர்ப்பட்டையில் நான் அதுவரை கேள்விப்படாத ஓர் ஆங்கிலப் பெயரும், அதன் கீழே ‘மேட் இன் ஜப்பான்’ என்ற வரியும் இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஆக்கர் கடைக்காரன் காசு தந்து எடுப்பானா, நாம காசு குடுத்துத் தள்ளணுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலையைத் தேடிப் போனால் கிடைக்காது என்பது பின்னர்தான் விளங்கியது. 1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதை ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். ரிங்கோ ஸ்டார் முன்னால் இருந்த லட்விக் செட்டைப் போல் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்த பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு லட்விக் எட்டாத விலை. அந்த இடைவெளியை நிரப்ப ஜப்பான் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. 1946-இல் இசைத்தாள் தாங்கிகள் செய்து தொடங்கிய பேர்ல் நிறுவனம், 1961-இல் சிபாவில் ஓர் ஆலை கட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட விநியோகஸ்தர்களின் பெயர்களில் மலிவு செட்டுகளைச் செய்து அனுப்பியது. மேக்ஸ்வின், ஸ்டூவர்ட், அப்பல்லோ, மெஜஸ்டிக், லைரா, கொரோனட் என்று பெயர்ப்பட்டை மட்டும் மாறும். உள்ளே இருப்பது ஒரே ஆலையின் சரக்கு. தன் பெயரில் தொழில்முறைக் கலைஞர்களுக்கான முதல் செட்டை பேர்ல் வெளியிட்டதே 1966-இல்தான். இத்தகைய ஊர்பேர் தெரியாத செட்டுகளுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்டென்சில்’.

உறையைக் கழற்றாமலே ஷெல்லின், அதாவது டிரம்மின் மரக்கூட்டின், உட்புறத்தைப் பார்த்தால் விலை குறைந்ததன் காரணம் தெரியும். நம் தவிலின் கட்டை ஒரே பலாமரத்தைக் குடைந்து எடுப்பது. இதுவோ மெல்லிய தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி வளைத்த பிளைவுட். அக்காலத்து ஜப்பானிய ஒட்டுப்பலகை ஆலைகள் பிலிப்பைன்ஸிலிருந்து லுவான் மரத்தைப் பெருமளவில் இறக்கிக்கொண்டிருந்தன. அதே மரம்தான் இங்கும். இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த நிறம், துளைகள் திறந்த இழை, நகத்தால் கீறினாலும் கோடு விழும் மென்மை. இதையெல்லாம் குறையாகச் சொல்கிறார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், அதில் நல்ல தோல் போட்டு ஒரு மாலை முழுவதும் வாசித்துப் பார்க்கும் வரையில். மரம் மென்மையானது என்பதாலோ விளிம்புகள் மழுங்கியிருப்பதாலோ, ஓசை வெடித்துக் கிளம்பாமல் வட்டமாக, சற்று அடங்கி வருகிறது. ஒலிவாங்கி வைக்காத சிறிய தேவாலயத்தில் பாடகர் குழுவை விழுங்காமல் கூடவே நடக்கும் ஓசை அது.

விளிம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோல் உட்காரும் அந்த விளிம்பு சமமாக இல்லாவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் சுருதி நிற்காது. எங்கள் சமையலறை மேடையின் கிரானைட் கல் எனக்குக் கிடைத்த மிகத் துல்லியமான தளம் என்பதால், இரவு அனைவரும் படுத்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டு, டாமின் ஷெல்லை அதன்மேல் கவிழ்த்து உள்ளே ஒரு கைவிளக்கை எரிய விட்டேன். தோலை இறுக்கும் திருகுகளைப் பிடிக்க ஷெல்லின் பக்கத்தில் பொருத்திய உலோகத் துண்டுகளை லக் என்பார்கள். அப்படி இரண்டு லக்குகளுக்கு நடுவே ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சள் கோடு கசிந்தது. எதிர்ப்புறத்தில் இன்னொன்று, மயிரிழை அளவு. கல்லின்மேல் உப்புத்தாளை ஒட்டி, ஷெல்லை அழுத்தாமல், ஒவ்வொரு சுற்றுக்கும் கைப்பிடியை மாற்றிப் பிடித்துத் திருப்பித் திருப்பித் தேய்த்தேன். பத்துச் சுற்றுக்கு ஒரு முறை விளக்கு வைத்துப் பார்ப்பது. மூன்று இரவுகளில் கோடு மறைந்தது. எங்கள் ஆசாரி இதைக் கேட்டுவிட்டு, “சாறே, ரூட்டர் வச்சு அஞ்சு நிமிசத்துல கூராக்கித் தாறேன்” என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கூரான 45 பாகை விளிம்பு புதிய செட்டுகளுக்கு உரியது. மூன்றடுக்குப் பலகையில் அதை வெட்டினால் வெளியடுக்கு உரிந்து வரும், உரியாவிட்டாலும் ஓசை வேறொரு செட்டினுடையதாகிவிடும்.

உறையின் கதை இன்னும் பொறுமை கேட்பது. உறையாக ஒட்டிய பழைய செல்லுலாய்டு ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருங்கும். லக்குகளின் திருகுகள் அதை இறுகப் பிடித்திருப்பதால், சுருங்க இடமில்லாமல் துளையிலிருந்து துளைக்கு வெடிக்கும். என் ஃப்ளோர் டாமில் அப்படி இரண்டு வெடிப்புகள் இருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். பிரிந்து நின்ற ஒட்டுவாயை மட்டும் பசையிட்டு, பழைய சைக்கிள் டியூபால் இறுகச் சுற்றி இரண்டு நாள் வைத்தேன். புதிய உறை வாங்கி ஒட்டுவது எளிது, செலவும் அதிகமில்லை. ஆனால் ஐம்பது ஆண்டு வெயிலில் சிவப்பு ஒரு பக்கம் ஆரஞ்சாகத் திரும்பியிருக்கும் அந்த நிறம் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

என் தவறுகளும் உண்டு. பழைய லக்குகளின் உள்ளே திருகு மரையைத் தாங்க ஒரு சுருள்வில் இருக்கும். அடிக்கும்போதெல்லாம் அது தனியாகக் கிணுகிணுக்கும். அதை அடக்குவதற்கு வீட்டிலிருந்த இலவம்பஞ்சை உள்ளே திணித்தேன், ஓசை அற்புதமாக அடங்கியது. இடவப்பாதி மழை தொடங்கி ஆறு வாரத்தில் பஞ்சு ஈரத்தைக் குடித்து, வில்கள் எல்லாம் துருவேறிப் பழுப்புப் பொடியாக உதிர்ந்தன. இப்போது மெல்லிய பிளாஸ்டிக் குழாயைத் துண்டாக்கி வில்லின்மேல் மாட்டுகிறேன். இன்னொன்று, குரோம் பூச்சு. லக்குகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, இரும்பல்ல. இதைச் சொல்லியே நகரத்தில் ஒரு பட்டறையில் எட்டு லக்குகளைக் கொடுத்தேன். மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று அவற்றின் வரப்புகளையெல்லாம் சோப்புக்கட்டி போல் தேய்த்து, மரைக்குள்ளும் பூச்சை நிரப்பித் திருப்பித் தந்தார்கள். அதன் பிறகு எதையும் பூச்சுக்கு அனுப்புவதில்லை. எஃகு வளையங்களுக்கு, தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்த்தாலே மேல்துரு போய்விடுகிறது. அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறலும் விழாது. புள்ளிப் புள்ளியாக அரித்த இடம் அரித்த இடமாகவே இருக்கட்டும்.

இரண்டாவது செட், ‘ஒலிம்பிக்’ என்று பெயரிட்டது, மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே ஒரு பழைய பாடகர் குழுவினுடையது. 1922-இல் லண்டனில் தொடங்கிய பிரீமியர் நிறுவனம் தன் மலிவு வரிசைக்கு வைத்த பெயர் அது. இதன் டாமுக்குத் திருவனந்தபுரத்தில் வாங்கிய புதிய 12 அங்குலத் தோலைப் பொருத்தப் போனால் ஷெல்லின் மேல் இறங்கவே இல்லை. 1960களின் பிற்பகுதி வரை பிரீமியர் ஷெல்கள் இன்றைய அளவைவிடச் சிறிது பெரியவை என்பதை அப்போதுதான் அறிந்தேன். இந்த எல்லைப் பகுதியில் இருப்பதன் பயன் எனக்கு அங்கே கிடைத்தது. நெய்யாற்றின்கரைப் பக்கம் செண்டைக்கு வட்டம் பொதியும், அதாவது வளையத்தில் தோல் போர்த்தும், ஒரு முதியவரிடம் பழைய வளையத்தைக் கொண்டு போனேன். அவர் அதைக் கையில் வைத்து இரு முறை சுழற்றிவிட்டு, கன்றுத்தோலை ஊறவைத்து, அந்த வளையத்திலேயே மடித்துப் பொதிந்து தந்தார். மே மாதத்தில் அது மணிபோல் ஒலித்தது. ஜூனில் மழை வந்ததும் நனைந்த அப்பளமாகத் தொய்ந்தது. 1957-இல் ரெமோ நிறுவனத்தின் பிளாஸ்டிக் தோல் வந்ததும் டிரம்காரர்கள் ஏன் ஒரேயடியாக அதன் பக்கம் சாய்ந்தார்கள் என்பதை அந்த ஜூனில் விரல் நுனியில் உணர்ந்தேன். இருந்தாலும் தோலை மாற்றவில்லை. மழை நாட்களில் வாசிப்பதற்கு முன் மண்சட்டியில் கனல் போட்டு, மேளக்காரர்கள் செய்வதுபோல் தூரத்தில் காட்டி எடுக்கிறேன்.

சிம்பல்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்ல சிம்பல் பெரும்பாலும் நூற்றுக்கு 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம், கேரளத்துக் கைத்தாளமான இலத்தாளத்தின் இனத்தைச் சேர்ந்தது. மலிவு செட்டுகளோடு வருபவை வெறும் பித்தளைத் தகடுகள். புளி தேய்த்தால் குத்துவிளக்குப் போல் பளபளக்கும், அடித்தால் தட்டில் கரண்டி விழுந்த சத்தம் கேட்கும். எந்தப் பழுதுபார்ப்பும் அதை மாற்றாது.

சென்ற கிறிஸ்துமஸுக்கு முன்பு பாறசாலை ஜாஸ்காரர் வந்திருந்தார். மாடியேற மூச்சு வாங்கியது. சிவப்பு செட்டின் முன்னால் உட்கார்ந்து, குச்சியைத் தொடாமல் முதலில் பெடலைத்தான் மிதித்தார். இரண்டு முறை மிதித்துவிட்டு, “எண்ணெய் இட்டீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன் கிரீச்சொலியை வைத்துத்தான் இருட்டில் கால் சரியாக விழுந்ததா என்று தான் கணக்கு வைத்திருந்ததாகச் சொன்னார். பேஸ் டிரம்மின் முன்தோலில் அவர்கள் குழுவின் பெயர் மலையாளத்தில், நீலப் பெயின்டில், பாதி உரிந்து கிடக்கிறது. அதை அழிக்காமல் விட்டிருப்பதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல், கட்டைவிரலால் கடைசி எழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு வாசித்தார், நான்கைந்து நிமிடம் இருக்கும்.

அந்த பேஸின் வளையத்தைப் பிடிக்கும் கவ்விகளில் ஒன்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் தற்போதைக்கு ஆசாரி தந்த ஜி-கிளாம்ப் ஒன்று இருக்கிறது.