மிக்-21: வேலை எல்லாம் மூக்கில்தான்

மிக்-21 போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் ஒட்டப் போகிறேன், என்னென்ன கூடுதலாக வாங்கணும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: காசையும் நேரத்தையும் முன்பக்கத்தில் போடுங்கள். காற்று உள்ளே போகும் வாய், அதற்குள் உட்கார்ந்திருக்கும் கூம்பு, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிடோ குழாய் (வேகத்தை அளக்க உதவுவது), காக்பிட், முன்கண்ணாடி. இவை சரியாக வந்துவிட்டால் பின்னால் நீங்கள் செய்த சின்னச் சின்னக் கோளாறுகளை எவனும் பார்க்க மாட்டான். இவை சொதப்பினால் பின்னால் எவ்வளவு உழைத்திருந்தாலும் அது ஏதோ ஒரு வெள்ளிக் குழாய்க்கு முக்கோண இறக்கை வைத்த மாதிரிதான் இருக்கும்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்தார்கள் அல்லவா, அதற்கப்புறம் இந்த விமானத்தைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் திடீரென்று பெருகிவிட்டார்கள். நியாயம்தான். 1963இல் அதே சண்டிகரில் 28ஆம் ஸ்குவாட்ரனில் வந்து சேர்ந்து அறுபது வருஷத்துக்கு மேல் பறந்த விமானம். நானும் அந்த அலையில்தான் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த எடுவார்ட் கம்பெனியின் மாடல் பெட்டியைக் கீழே இறக்கினேன். 1/48 அளவு, மிக்-21இல் பிஸ் என்ற வகை. செக் நாட்டுக்காரர்களான இவர்கள் 2011 வாக்கில் இந்த அளவில் மிக்-21 குடும்பத்தையே வரிசையாகப் போட ஆரம்பித்தார்கள், இன்று வரைக்கும் இதைத் தாண்டின கிட் இந்த அளவில் இல்லை என்பது என் கருத்து. நிஜத்தில் இறக்கை முனைக்கு முனை 7.15 மீட்டர், மாடலில் 15 சென்டிமீட்டர்கூட வராது. நீளம் மட்டும் ஏறக்குறைய ஒரு அடி ஸ்கேல் அளவுக்குப் போகும். ஒல்லியாக, நீளமாக, மேஜையில் இடத்தை அடைக்காத விமானம்.

முதலில் எந்த மிக்-21 என்று முடிவு பண்ண வேண்டும். இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் எஃப்.எல்., எம்., பிஸ், பைசன் என்று நம் விமானப்படையிலேயே பல வகை. பெங்களூரு ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கே நிற்கிற மிக்-21ஐ நூறு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு வந்து, அதைப் பார்த்து பிஸ் செய்தால் போச்சு! அங்கே நிற்பது எஃப்.எல்., அதில் பிடோ குழாய் மூக்கின் மேல் சரியாக நடுவில் இருக்கும். பிஸ்ஸில் அது விமானியின் வலது பக்கமாக ஒதுங்கியிருக்கும். எஃப்.எல்.லின் முதுகு மெலிந்தது, பிஸ்ஸின் முதுகு பருத்தது. காக்பிட் மூடி எஃப்.எல்.லில் முன்பக்கக் கீலில் திறக்கும், பிஸ்ஸில் பக்கவாட்டில் திறக்கும். ஆகவே அருங்காட்சியகப் படம் சக்கரத்துக்கும் இறக்கைக்கும் உதவும், மூக்குக்கு உதவாது.

இப்போது அந்த வாய். பிளாஸ்டிக் அச்சில் எவ்வளவு மெல்லியதாக வார்த்தாலும் விளிம்பு தடிமனாகத்தான் வரும். நிஜ விமானத்தில் அது கிட்டத்தட்டக் கத்தி முனை. உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டும் முன்னாலேயே உள்பக்கமாக 400 உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு தேய்க்க வேண்டும், வெளிப்பக்கம் தொடவே கூடாது, தொட்டால் வாயின் வட்டம் சிறுத்துவிடும். அப்புறம் 800, அப்புறம் 1500. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விளிம்பில் பிளாஸ்டிக் லேசாக ஒளி ஊடுருவித் தெரியும், அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். முழு மாடலிலும் காசு செலவில்லாமல் இவ்வளவு பெரிய மாற்றம் தருகிற வேலை வேறு கிடையாது. ஆனால் யாரும் செய்வதில்லை, ஏனென்றால் இதற்குக் கடையில் பாக்கெட் விற்பதில்லை.

கூம்பு வேகத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகரும். ஒலியை மிஞ்சிய வேகத்தில் எழும் அதிர்வலையைச் சரியான இடத்தில் பிடித்து வைத்து, எஞ்சினுக்கு அடங்கிய காற்றை அனுப்புவதற்காக அது வெளியே வரும், உள்ளேதான் ரேடார். தரையில் நிற்கும்போது அது பின்வாங்கியே இருக்கும். அதனால் சக்கரம் இறக்கி நிற்க வைக்கும் மாடலில் கூம்பை ரொம்பவும் வெளியே துருத்திக்கொண்டு ஒட்டாதீர்கள். நிறம் பச்சை, ரேடார் அலை ஊடுருவ வேண்டிய இடம் என்பதால் உலோகம் அல்ல, வால் உச்சியிலும் அதே கதைதான்.

கூம்புக்குள் இருக்கும் வெற்றிடம் நமக்கு இன்னொரு விதத்தில் உதவும். எடை வைக்காமல் விட்டால் விமானம் பின்பக்கம் குந்திவிடும். மீன் பிடிக்கிற சாமான் விற்கும் கடையில் சின்ன ஈயக்குண்டுகள் கிடைக்கும், அவற்றைக் கூம்புக்குள்ளும் காக்பிட் தொட்டியின் அடியிலும் திணித்து சூப்பர் குளூ விட்டு உறைய வையுங்கள். ஒட்டும் முன் உடலின் இரண்டு பாதியையும் டேப் போட்டு, இறக்கையையும் பின்பக்கத் துண்டுகளையும் தற்காலிகமாகச் சேர்த்து, பெரிய சக்கரம் வரும் இடத்தில் விரலில் தாங்கிப் பார்த்தால் மூக்கு தாழ்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். தாழ்ந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், இன்னும் இரண்டு குண்டு போடுங்கள். மூடின பிறகு போட வழி கிடையாது.

காக்பிட். இந்தப் பெட்டியின் புரோஃபிபேக் பதிப்பில் வண்ணம் அச்சடித்த ஃபோட்டோ-எட்ச் தகடு (அமிலத்தில் அரித்து வெட்டிய மெல்லிய உலோகத் தகடு) வரும். முன்னால் ஓட்டைகளோடு ஒரு தகடு, பின்னால் மீட்டர் முகப்புகளோடு இன்னொன்று, இரண்டையும் அடுக்கி ஒட்ட வேண்டும். சூப்பர் குளூவை இங்கே பயன்படுத்தினால் ஓட்டை வழியே கசிந்து மீட்டர் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும், அதற்குப் பதிலாகப் பளபளப்பு வார்னிஷையே பசையாகத் தடவி வைத்தால் போதும். காய்ந்ததும் ஒவ்வொரு மீட்டரிலும் பல்குத்தும் குச்சியின் முனையால் ஒரு சொட்டு வார்னிஷ். கண்ணாடி போட்ட மாதிரி மின்னும்.

சோவியத் காக்பிட்டின் அந்த நீலப்பச்சை நிறம் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து உண்டு, சண்டையே நடக்கும். நான் அதில் இறங்குவதில்லை. வெயிலில் வெளிறின காக்பிட்டையும் புதிதாகப் பூசின காக்பிட்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு நிறமாகத்தான் இருக்கும், ஆகவே பாட்டிலில் என்ன பெயர் போட்டிருந்தாலும் கண்ணுக்கு உறுத்தாமல் இருந்தால் சரி. ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பேனலின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் வெள்ளைக் கோடு. அலங்காரம் இல்லை அது. விமானம் சுழன்றுகொண்டே விழ ஆரம்பித்தால் விமானிக்கு எது நடு என்றே தெரியாது, ஸ்டிக்கைக் கண்ணால் பார்த்து அந்தக் கோட்டுக்கு நேராகத் தள்ளி நிறுத்துவதற்காகப் போட்டது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கோணல் இல்லாத வெள்ளைக் கோட்டை வரையும்போது கை கொஞ்சம் நிதானமாகத்தான் போகிறது.

இருக்கை கே.எம்.-1. பெட்டியில் வருவதே மோசமில்லை, ஆனால் ரெசினில் தனியாக விற்பது இன்னும் கூர்மை. மூடியைத் திறந்து வைக்கப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள், மூடி வைக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், தலைசாய்ப்பானுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. பெல்ட் தகடுகளை ஒட்டும் முன் மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு நொடி காட்டி ஆற விட்டால் பித்தளை இளகி துணி மாதிரி மடியும், ஆனால் அச்சடித்த வண்ணம் கருகும், அதனால் வண்ணமில்லாத தகட்டில் மட்டும் இந்த வித்தை. வண்ணத் தகட்டைச் சும்மா விரலால் மெதுவாக வளைத்தாலே போதும்.

நடுப்பகுதி, பின்பகுதி பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். பாகங்கள் நன்றாகப் பொருந்துகின்றன. முதுகுப் பகுதி சேரும் இடத்தில் இடுக்கை நிரப்பும் மிஸ்டர் சர்ஃபேசர் 1000 கொஞ்சம் தடவித் தேய்த்தால் போதும். எஞ்சின் பின்குழாய்க்குள் எரிந்த உலோகத்தின் நிறங்களைக் காட்டணும், உள்ளே போகப் போக வெளுத்த சாம்பல். பெரிய சக்கரக் கால்களில் பிரேக் குழாய் வேண்டும் என்றால் பழைய இயர்போன் வயரைப் பிரித்தால் கிடைக்கும் செம்பு இழையே தாராளம். சக்கரத்தின் நடுவட்டு பச்சை, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பெயின்ட். நான் செய்தது எண்பதுகளின் பிஸ், நாசிக்கில் ஹெச்.ஏ.எல். கட்டிய வரிசை, உடல் முழுக்க இளஞ்சாம்பல். ஒரே நிறம் என்றால் சுலபம் என்று நினைப்பீர்கள், அதுதான் கஷ்டம். பச்சையும் பழுப்பும் கலந்து அடித்தால் கண் அங்கே இங்கே ஓடிவிடும். ஒரே சாம்பலாக அடித்தால் பொம்மை மாதிரி மொட்டையாக நிற்கும். அதனால் கறுப்பு பிரைமருக்கு மேல் வெள்ளையைப் புள்ளி புள்ளியாக, ஒழுங்கே இல்லாமல் கிறுக்கினாற்போல ஏர்பிரஷில் அடித்துவிட்டு, அதன் மேல் சாம்பலை ரொம்பவும் தண்ணியாக, அடுக்கடுக்காக ஏற்றினேன். அடியில் இருக்கும் கிறுக்கல் லேசாகத் தெரியும்போதே நிறுத்தணும். இன்னொரு அடுக்கு போட்டால் எல்லாம் மறைந்துவிடும், அந்தக் கடைசி அடுக்குக்குக் கை துடிக்கும், எழுந்து போய்க் காபி குடியுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் தின்னரில் கரையும் லாக்கர் வார்னிஷ் அடிக்காதீர்கள். காற்றில் இருக்கும் ஈரம் அதில் மாட்டிக்கொண்டு மேலே பால் தெளித்த மாதிரி வெளுத்துவிடும். அந்த மாதங்களில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்தான் நமக்குச் சரி, இல்லையென்றால் ஏ.சி. அறைக்குள் முகமூடி போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே காற்றைத் தள்ளும் ஃபேன் வைத்து அடிக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் சம்மதிப்பார்களா என்பது உங்கள் பாடு.

டெக்காலில், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களில், கவனிக்க வேண்டியது காவி. நம் விமானப்படை வட்டத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. சில தாள்களில் காவி மெல்லிசாக அச்சாகியிருக்கும், சாம்பல் மேல் வைத்ததும் அழுக்கு மஞ்சளாகத் தெரியும். ஒட்டும் முன் அந்த அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் அடித்துவிட்டு அதன் மேல் வைத்தால் காவி காவியாக இருக்கும். இளக வைக்கும் மைக்ரோ சால் திரவத்தைத் தடவியதும் டெக்கால் சுருங்கிக் கோணிக்கொண்டு பயமுறுத்தும், தொடாமல் விட்டால் தானாகப் படிந்துவிடும்.

பிடோ குழாய்க்கு மட்டும் நான் யோசிக்காமல் காசு கொடுப்பேன். போலந்தின் மாஸ்டர் நிறுவனம் பித்தளையில் கடைந்த குழாய் விற்கிறது. பிளாஸ்டிக் குழாய் நேராக இருந்தாலும் மொத்தையாக இருக்கும், சட்டைக் கை பட்டாலே முறியும். பித்தளையில் முனை ஊசி மாதிரி மெலிந்து வருகிறது, பக்கத்தில் ஒட்ட வேண்டிய குட்டிக் காற்றுத் தகடுகள் தனி. அவற்றை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து ஒட்டுங்கள், கீழே விழுந்தால் கிடைக்காது. மூக்கில் துளை போடும்போது குழாய் எந்தக் கோணத்திலும் தொங்கவோ தூக்கவோ கூடாது. பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பார்த்து உடலின் அச்சுக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். எல்லா வேலையும் முடிந்து, வார்னிஷும் காய்ந்த பிறகு, கடைசியாக.

பைசன் ஏன் செய்யவில்லை என்று கேட்பார்கள் என்று தெரியும். 2019 பிப்ரவரி 27 அன்று அபிநந்தன் ஓட்டியது பைசன்தான், அதற்கப்புறம் நம்மூரில் மிக்-21 என்றாலே பைசன் என்று ஆகிவிட்டது. பிஸ்ஸுக்குப் புது ரேடாரும் புது ஏவுகணைகளும் கொடுத்து உருவாக்கியது அது. பெட்டியில் இருக்கும் பிஸ்ஸை பைசன் ஆக்க முடியும், ஆனால் மறுபடி வேலை முன்னால்தான். காக்பிட்டில் திரை வந்துவிட்டதால் மேலே சொன்ன பேனல் அப்படியே செல்லாது. அதைவிடப் பெரிய வித்தியாசம் முன்கண்ணாடி. பிஸ்ஸில் நடுவில் தட்டையான குண்டுதுளைக்காத கண்ணாடி, இரண்டு பக்கமும் சட்டம். பைசனில் சட்டமே இல்லாத, வளைந்த ஒரே துண்டு. சட்டத்தைத் தேய்த்து எடுத்தால் மட்டும் ஆகாது, தட்டை தட்டையாகவேதான் இருக்கும்.

செய்யத்தான் வேண்டும் என்றால் வழி இது. பெட்டியில் வந்த முன்கண்ணாடியின் உள்ளே எம்-சீலை அமுக்கி உறைய விட்டு, வெளியே எடுத்து, நடுத்தட்டைக்கு மேல் இன்னும் கொஞ்சம் எம்-சீல் ஏற்றி வளைவாகத் தேய்த்து ஓர் அச்சு செய்துகொள்ளுங்கள். ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளைச் சூடு காட்டி, தொய்ய ஆரம்பித்ததும் அச்சின் மேல் இழுத்துப் பிடித்தால் வடிவம் வந்துவிடும். அச்சில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் கண்ணாடியில் அப்படியே பதியும் என்பதால் அச்சை 2000 உப்புத்தாள் வரைக்கும் தேய்த்து மெருகேற்றிய பிறகுதான் தாளைச் சூடாக்க வேண்டும். தாள் தடிமன் கால் மில்லிமீட்டர் என்றால் நன்றாக இழுபடும், பொம்மைப் பெட்டிகளின் முன்னால் வருகிற ஒளிபுகும் தாளிலேயே செய்து பார்க்கலாம்.