இரவு ஏழரைக்கு உச்சம் தொட்ட வெயில்

எங்கள் வீட்டு மொட்டை மாடி அறையில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியையும் டிஎச்டி22 உணரியையும் பொருத்தி, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து, கீழே பழைய கணினியில் ஓடும் இன்ஃப்ளக்ஸ்டிபி 2 என்ற நேரவரிசைத் தரவுத்தளத்தில் சேமிக்கத் தொடங்கினேன். முதல் நாள் காலையில் பைத்தான் நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடியது. ஆனால் கடைசி ஒரு மணி நேரத் தரவைக் கேட்டபோது ஒரு வரிகூட வரவில்லை. இரவில் மறுபடி பார்த்தபோது வரைபடம் தானாகவே நிரம்பியிருந்தது. அதில் வெயிலின் உச்சம் இரவு ஏழரை மணிக்கு இருந்தது.

நேர மண்டலம் குறிக்கப்படாத பைத்தான் நேரத்தைக் தரவுத்தளத்தில் எழுத உதவும் கிளையன்ட் லைப்ரரி, யுடிசி என்ற உலகப் பொது நேரமாகவே எடுத்துக்கொள்கிறது. நான் கொடுத்தது இந்திய நேரம் என்பதால், ஒவ்வோர் அளவீடும் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் போய் உட்கார்ந்தது. தரவைக் கேட்கும் ஃபிளக்ஸ் மொழி வினவலில் முடிவு நேரத்தைச் சொல்லாவிட்டால் அது இந்தக் கணம் வரை மட்டுமே தேடும்; ஆகவே எழுதப்பட்ட தரவு அதற்குரிய நேரம் வரும்வரை கண்ணுக்குப் படவில்லை. நேரத்தை யுடிசி மண்டலத்தோடு உருவாக்கியதும் இது தீர்ந்தது. நேரத்தை, 1970 தொடக்கத்திலிருந்து கடந்த காலமாக, எண்ணில் கொடுத்தால் வேறொரு பள்ளம் இருக்கிறது: இயல்பான அலகு நானோவினாடி என்பதால், எந்த அலகு என்று குறிப்பிடாமல் 170 கோடி வினாடி என்று அனுப்பினால் அது 1.7 வினாடியாகச் சுருங்கி, 1970 ஜனவரி 1-ஆம் தேதியில் போய் விழும்.

இதைவிட அதிக நாள் என்னை அலைக்கழித்தது எழுதும் முறைதான். லைப்ரரி இயல்பாக ஒவ்வொரு பாயின்ட்டையும், அதாவது ஒவ்வோர் அளவீட்டுப் பதிவையும், உடனே அனுப்புவதில்லை. நினைவகத்தில் சேர்த்துவைத்து, 1000 பாயின்ட் சேர்ந்ததும் அல்லது ஒரு வினாடி கடந்ததும், எது முந்துகிறதோ அப்போது, பின்னணியில் தனியாக ஓடும் திரெட் வழியாக மொத்தமாக அனுப்புகிறது; இதுதான் தொகுப்பு முறை. மாடியில் வைஃபை வலுவாக இல்லாததால் நான் அந்த இடைவெளியைப் பத்து நிமிடமாக உயர்த்தி, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அதன் பிறகு லினக்ஸில் நிரல்களை இயக்கி நிறுத்தும் சிஸ்டம்டி வழியாகச் சேவையை மறுதொடக்கம் செய்த போதெல்லாம் வரைபடத்தில் சில நிமிட ஓட்டை விழுந்தது. நிறுத்தும்போது சிஸ்டம்டி அனுப்பும் 'முடித்துக்கொள்' என்னும் டெர்ம் சிக்னலை நிரல் கையாளாவிட்டால், பைத்தான் எதையும் ஒழுங்குபடுத்தாமல் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். நினைவகத்தில் காத்திருந்தவையும் அதோடு போய்விடும். இப்போது அந்த சிக்னலைப் பிடித்து, எழுதும் பொருளை முறையாக மூடிய பிறகே நிரலை முடிக்கிறேன். உண்மையில் நிமிடத்துக்கு ஒரு பாயின்ட் எழுதுபவருக்குத் தொகுப்பு முறையே தேவையில்லை. சிங்க்ரனஸ் முறையில், அதாவது உடனுக்குடன் ஒவ்வொன்றாக எழுதினால், அனுப்ப முடியாதபோது எக்ஸெப்ஷன் என்னும் பிழை அறிவிப்பு நேராக நம் கைக்கு வரும்.

அந்த எக்ஸெப்ஷனின் அருமை எனக்குப் புரிந்தது அடுத்த தவறில். தொடக்கத்தில் வெப்பநிலையை ரவுண்ட் செயற்கூற்றில் போட்டு எழுதினேன். தசம இலக்கம் சொல்லாவிட்டால் அது முழு எண்ணைத் திருப்பித் தருவதால், வெப்பநிலை மதிப்பைச் சேமிக்கும் ஃபீல்டு, இன்டிஜர் எனும் முழு எண் வகையாகப் பதிந்துவிட்டது. சில நாள் கழித்து ஓர் இலக்கத் தசமம் வேண்டுமென்று 28.4 என எழுதத் தொடங்கியதும், வகை முரண்படுகிறது என்று சர்வர் அந்தப் பாயின்ட்டுகளை நிராகரித்தது. தொகுப்பு முறையில் இந்த நிராகரிப்பு நிரலை நிறுத்துவதில்லை. பிழை வந்தால் அழைக்கப்படும் கால்பேக் செயற்கூறு கொடுத்திருந்தால் அதற்குத் தெரியும், இல்லாவிட்டால் நிரலின் நிகழ்வுப் பதிவான லாகில் ஒரு வரி விழும். நான் கால்பேக் கொடுத்திருக்கவில்லை, லாகையும் பார்க்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சில நாளில் தரவு தானாகவே மீண்டும் வரத் தொடங்கியது. ஃபீல்டின் வகை, குறிப்பிட்ட காலத்துத் தரவைத் தாங்கும் துண்டான ஒவ்வொரு ஷார்டுக்கும் தனித்தனியாகவே நிர்ணயிக்கப்படுகிறது. தரவை அழிக்கக் காலவரம்பு வைக்காத பக்கெட்டில் (தரவுக் கொள்கலனில்) ஒரு ஷார்டு குழு ஏழு நாளை உள்ளடக்கும் என்பதால், புதிய ஷார்டு பிறந்ததும் முதலில் வந்த தசம எண்ணை அது மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டது. உணரியின் கம்பி எங்கோ தளர்ந்து பிறகு தானாக ஒட்டிக்கொண்டது என்றே அதுவரை நம்பி, இரண்டு முறை ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.