குடமுருட்டியில் ஃப்ளை ராட்: மாசி மாத நிலவரம்

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் அடைத்ததும் காவிரியின் கிளையான குடமுருட்டியில் ஓட்டம் குறைந்து, கொஞ்ச நாளில் தண்ணீர் மடு மடுவாகத் தேங்கிவிடும். மதகுக்குக் கீழே தண்ணீர் விழுந்து அரித்த பள்ளம்தான் இப்போது என் இடம். மாசி பிறந்ததும் வண்டல் படிந்து, முழங்கால் ஆழத்தில் மணல் தெரிகிறது. ஃப்ளை ராட் என்பது பூச்சிபோல இறகு கட்டிய முள்ளை வீசும் தூண்டில்; அதற்கு இந்தத் தெளிவு இல்லாமல் ஆகாது. மண்புழுவுக்கு வாசனை உண்டு. இந்த இறகை மீன் கண்ணால் பார்த்துத்தான் கடிக்க வேண்டும்.

இந்தத் தூண்டிலைப் பற்றிக் கிடைக்கிற குறிப்பெல்லாம் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்காக எழுதியவை. குளிர்நாட்டு ஆற்றில் வசந்தம் தொடங்கும்போது தண்ணீர் சில்லென்று கிடக்கும். வெயில் ஏறி அது கொஞ்சம் சூடானால்தான் பூச்சிகள் மேலே வரும், மீனும் மேயும். அதனால் மத்தியானம்தான் நல்ல நேரம் என்கிறார்கள். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் அது சரிப்படலாம். டெல்டாவில் அப்படியே தலைகீழ். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைதான் கதை. வெயில் ஏறினால் தண்ணீர் சூடாகும், கெண்டை ஆழத்துக்கு இறங்கிவிடும். பிற்பகலில் கடல் காற்று வேறு. நூல் போகிற திசை நம் கையில் இருக்காது.

வீசுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் தங்கூஸை, அதாவது நைலான் நூலை, இழுத்துப்போகும். இதில் நூலே தடிமன், அதற்கே கனம்; நுனியில் இருக்கும் இறகுக்கு எடையே கிடையாது. முறைப்படி வீசினால் நூல் பின்பக்கம் முழுசாக நீண்டு, பிறகு முன்னால் வரவேண்டும். நம் கரையில் பின்னால் இருப்பது காட்டாமணக்குப் புதர். ஆகவே நூலைத் தண்ணீரில் கிடத்தி, மெதுவாகத் தோளுக்குப் பின்னால் இழுத்து, வளையமாக முன்னே உருட்டிவிடும் முறைக்கு மாறினேன். தூரம் குறைவுதான், ஆனால் பள்ளத்தின் எதிர்க்கரை வரை போகிறது.

ஒருநாள் மூங்கில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவர், "என்ன தம்பி, மாடே இல்லாம சாட்டைய சுத்துறீங்க?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் தக்கை அமுங்கியது.

நான் கட்டுவது சேவல் கழுத்து இறகு, கறுப்புத் தையல் நூல், 14-ம் எண் முள். அது தண்ணீரில் விழுந்ததும் கெண்டைப்பொடிகள் கூட்டமாக வந்து முட்டும், கவ்வாது. கவ்வுவது ஜிலேபி மீன், அதாவது திலாப்பியா. ஆண் ஜிலேபி மணலில் தாம்பாளம் அகலத்துக்குக் குழி பறித்துக் காவல் நிற்கும். குழிக்கு ஒரு முழம் தள்ளி இறகை இறக்கி, விரலால் நூலைத் துளித்துளியாக இழுத்தால் முதலில் துடுப்பு விறைக்கும். பிறகு வாய் திறப்பது அப்படியே தெரியும். பசியைவிடக் கோபத்தில்தான் கடிக்கிறது என்பது என் கணிப்பு. 1952-ல் இந்தியாவுக்கு வந்த மீன் இன்று வாய்க்கால்தோறும் கிடக்கிறது, பிடித்துக் குழம்பு வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. விரால் கிடைத்தால் மட்டும் விட்டுவிடுகிறேன்.

பங்குனியில் இந்த மடு பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். வெங்காயத்தாமரையும் மூடிக்கொள்ளும். அதற்குள் பெரிய முள்ளில் வெள்ளை இறகு கட்டிக்கொண்டு, கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம் மொரான் கெண்டைக்குப் போக உத்தேசம்.